வடக்கே போகிற மணல்

முப்பத்து மூன்று வயதில் வேலையை விட்டவளிடம் "அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியது இது. எனக்குப் பிரிவுபசார விழாவும் நடக்கவில்லை, சால்வையும் போடவில்லை. மகளுக்கு இரண்டரை வயதும் வயிற்றில் இன்னொன்றுமாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மேசையைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான்.

கேட்டவள் பிரியா. கோவில்பட்டியில் உள்ள எங்கள் தொண்டு நிறுவனத்தில் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள். இன்னொரு கடற்கரைக் கிராமத்தின் கரையை மீட்கிற வேலை அவர்களுக்கு வந்திருக்கிறது. "இப்ப எல்லாம் ட்ரோன்ல எடுத்துருதோம்க்கா. கணக்கக் கம்ப்யூட்டரே போட்டுருது. ஆனா துட்டு யாருகிட்ட கேக்க, ஊர்ல என்ன சொல்லன்னு அதுல வரமாட்டேங்குதே. தென்கரையில நீங்க செஞ்சத எழுதித் தாங்க" என்றாள். சின்னவன் தொட்டிலில் தூங்குகிற நேரங்களில் எழுதுகிறேன். விட்டு விட்டுத்தான் வரும்.

ஊர்களின் உண்மையான பெயரைச் சொல்லப்போவதில்லை. கட்டிடப் பொறியியல் படித்துவிட்டு நிறுவனத்தில் சேர்ந்த முதல் ஆண்டுகளில் கடலோடு எனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. கரிசல் காட்டில் வரப்பு உயர்த்துவது, ஊருணி தூர் வாருவது, கண்மாய்க் கரையைப் பலப்படுத்துவது. இருக்கிற தண்ணீரையும் மண்ணையும் போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் எங்கள் தொழில். அதில் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்ததால்தான் எங்கள் நிறுவனத்துக்கு அந்தக் கடற்கரை வேலையும் வந்தது.

அந்தப் பெயரை எடுத்தவர் வேலாயுதம் சார். ஓட்டப்பிடாரம் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம். எனக்கு மேலதிகாரி. எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். அப்புறம் நெடுநேரம் பேசமாட்டார். யாராவது டீ கொண்டுவந்தால் சீனி இல்லாமல் கேட்பார். நான் எழுதிக் கொடுக்கிற திட்ட அறிக்கையில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டதில்லை. பிடிக்காத பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவிடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். மடிந்த பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வரி வரியாகப் பார்த்து, இதுவோ அதுவோ என்று மாற்றி, மறுநாள் கொடுத்தால் மூலை நிமிர்ந்து திரும்பி வரும். அல்லது மறுபடியும் மடிந்து வரும். எதையும் இரண்டு தடவை யோசிக்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. அதை நான்கு தடவையாக ஆக்கினது அந்த மடிப்புகள்தான்.

தென்கரை மீனவ ஊர். அதற்குத் தெற்கே மீன் இறங்குதளம் ஒன்று கட்டி, கடலுக்குள் இரண்டு கல் கரைகளை நீட்டியிருந்தார்கள். தெற்கிலிருந்து வருகிற மணல் அந்தக் கல்லில் முட்டி அங்கேயே தேங்கியது. தென்கரைக்கு மணல் வரவில்லை; இருந்ததையும் கடல் எடுத்துக்கொண்டது. தென்கரைக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் வடகரை என்று சின்னக் குடியிருப்பு. அங்கே கட்டுமரக்காரர்களும் கருவாடு காயப்போடுகிற பெண்களும்.

அளப்பதற்கு நிலையான குறிகள் வைத்தோம். ஐஸ் அறைச் சுவர், ஏலக் கொட்டகைத் தூண், சிலுவை நிற்கிற குருசடியின் படி, வடகரையில் தண்ணீர்த் தொட்டியின் கால். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், நீர் வற்றி நிற்கிற நேரம் பார்த்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் ஈரக் கோடு வரைக்கும் டேப் பிடிக்க வேண்டும். ஒரே நாளில் அளந்துவிட்டு வந்து கரை இவ்வளவுதான் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் மணல் வடக்கே போகும். வாடை வந்ததும் கொஞ்சம் தெற்கே திரும்பும். போன அளவுக்குத் திரும்பாது. பிரியா, ட்ரோன் வைத்திருந்தாலும் ஒரு வருஷம் முழுக்கப் பறக்கவிட்டுவிட்டு அப்புறம் எழுது.

இறங்குதளத்தின் வாய் மணலால் மூடிக்கொள்வதால் மீன்வளத் துறைக்காரர்கள் அதை எப்படியும் தோண்டித்தான் ஆக வேண்டும். தோண்டியதை ஒரு ஓரமாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அனுமதி வாங்கி, அந்த மணலை லாரியில் ஏற்றி, தென்கரையில் கொட்டிப் பரத்தி, மேலே மணலைப் பிடித்து வைக்கிற அடும்புக்கொடி நடுவது. இதுதான் என் திட்டம். கயத்தாற்றிலிருந்து டிப்பர் வண்டிக்காரர் ஒருவர் வாடகைக்கு ஒத்துக்கொண்டார். ஒரே சிக்கல், இது ஒருமுறை செய்து முடிகிற வேலை அல்ல. கொட்டுவது போகும். வருஷா வருஷம் கொட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு யார் பணம் தருவார்கள்? கட்டிடம் என்றால் தருவார்கள்.

சார் என்னைத் தங்கவேல் அண்ணாச்சியிடம் கூட்டிக்கொண்டு போனார். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறவர், வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தில் கருவாட்டு மொத்த வியாபாரிகளும் உண்டு. தென்கரைச் சரக்கு அவர்களுக்குத்தான் வருகிறது. பணம் கேட்கிற முறை சாருக்குத் தனி. முதல் தடவை போய் காபி குடித்துவிட்டு வந்துவிட்டோம். இரண்டாம் தடவை மழை, உளுந்து, மிளகாய் என்று பேசினார். மூன்றாம் தடவை அண்ணாச்சியே, "என்ன விசயம் சார், சொல்லுங்க" என்றார். அதுவரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். அப்போது மகள் வயிற்றில், ஆறு மாதம். அந்த ஆபீசின் தீக்குச்சி மருந்து வாடை பிள்ளைக்கு ஆகுமோ ஆகாதோ என்கிற கவலையிலேயே மூன்று தடவையும் உட்கார்ந்திருந்தேன்.

சார் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி சிரித்தார்.

"ஆக, துட்டக் கொண்டு கடல்ல போடச் சொல்லுதீங்க."

சார் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"கல்லு போடுங்க சார். மொத்தத்தையும் சங்கத்துல பேசி நானே வாங்கித் தாரேன். கல்லுன்னா பேரு வெட்டலாம், போர்டு வைக்கலாம். மணல்ல எங்கன போர்டு நட?"

"நட்டா அதுவும் வடக்க போயிரும் அண்ணாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோமே என்று இருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, கல்லு போட்டா நிக்காதோ?"

"கல்லு நிக்கும் அண்ணாச்சி. வடகரைதான் நிக்காது. இப்ப இறங்குதளத்துக் கல்லு தென்கரைக்கு என்ன செய்யுதோ, அதையே நாம போடுத கல்லு வடகரைக்குச் செய்யும்."

சார் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கல்லுக்கே சம்மதித்துவிடுகிற மனநிலையில்தான் வந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்குக் கல்லாவது வரட்டுமே என்று போன வாரம் சொல்லியிருந்தார். ஆனாலும் தொடங்கிய பேச்சை விட முடியவில்லை.

"அண்ணாச்சி, உங்க சங்கத்துல மகமை எடுக்குதீங்கல்ல? வெளிய போற ஒவ்வொரு பண்டலுக்கும் இவ்வளவுன்னு. அது எந்த வருசத்தோட முடியும்?"

"மகமை எங்கம்மா முடியும்? யாவாரம் நடக்குத வரைக்கும் உண்டு."

"தென்கரையிலயும் மகமை இருக்கு. ஏலம் போற மீனுல ஒரு பங்கு ஊருக்கு எடுக்காவ. நீங்க நன்கொடை தர வேண்டாம். அவிய மகமையில பாதி, உங்க மகமையில பாதி. வருசா வருசம்."

அண்ணாச்சி வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவிய பாதி வந்தா எங்க பாதி வரும். அவிய பாதி நின்னா எங்க பாதியும் நின்னுரும். இது பேச்சு" என்றார்.

வெளியே வந்ததும் சார், "நல்லா இருக்கு" என்றார். அவர் நல்லா இருக்கு என்றால் இன்னொரு தடவை யோசி என்று அர்த்தம். என்ன யோசிக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

தென்கரைக்காரர்களுக்கு விளக்கிச் சொன்னது சார்தான். வருஷா வருஷம் கொஞ்சம் கொட்ட வேண்டியிருக்கும் என்றார். கொட்டின மணல் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பும்போது நான் அதைக் கேட்டதற்கு, "கேட்டா சொல்லு. கேக்காட்டி சொல்லாத. எல்லாத்தையும் மொதல்லயே சொன்னா எவனும் ஒண்ணும் தரமாட்டான்" என்றார்.

ஊரும் பாதி தர ஒத்துக்கொண்டது; பங்குனியில் லாரிகள் ஓடின. ஐஸ் அறைக்கு முன்னால் படகு ஏற்றி வைக்கிற அளவுக்கு மணல் வந்தது. ஆனியில் எனக்கு மகள் பிறந்தாள். அந்த ஆடியிலேயே மணல் போகத் தொடங்கிவிட்டது என்று என் இடத்தில் அளந்தவர் போனில் சொன்னார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அளவுகளைக் கேட்டேன். தென்கரையில் குறைந்ததில் பெரும்பங்கு வடகரையில் கூடியிருந்தது. கணக்குப்படி அப்படித்தான் ஆக வேண்டும். என்றாலும் பயமாக இருந்தது.

அடுத்த மாசியில், இரண்டாம் வருஷ மணலுக்காகத் தென்கரை ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். மகளுக்கு எட்டு மாதம். அன்று காலையில் அவளுக்கு உடம்பு கதகதவென்று இருந்தது. மாமியார், "நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றார். வீட்டுக்காரர் புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற இடத்தில் கணக்கு எழுதுகிறார். அவருக்கும் லீவு கிடைக்கவில்லை. போகாமல் இருந்திருக்கலாம். போனேன். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊர்க் கமிட்டித் தலைவர் சேவியர் அண்ணாச்சி. கடலைப் பார்த்த வரிசையில் முதல் வீடு அவருடையது. அவர் வாயைத் திறக்கும் முன்பே பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான்.

"நம்ம மகமையில வடகரைக்குக் கரை கட்டிக் குடுத்திருக்கோம்லே! போய்ப் பாருங்க, அங்கன கிரிக்கெட்டே வெளையாடலாம்."

கொட்டகை சிரித்தது. வடகரைக்காரர்களும் வந்திருந்தார்கள். எல்லோரும் தூண்களுக்கு வெளியே வெயிலில் நின்றார்கள். பிந்தி வந்ததால் இடம் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவர்களில் மரியபுஷ்பம் என்று ஒரு அம்மா, கருவாடு போடுகிறவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"ஏலே, மணலு வந்ததுக்கு நாங்க என்ன ராத்திரியோட ராத்திரியா வந்து வாரிக்கிட்டா போனோம்? கடலு கொண்டாந்து வாசல்ல போட்டா, வேண்டாம்னு திருப்பி அனுப்பவா?"

மறுபடியும் சிரிப்பு. சேவியர் அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. சார் பாதி மணலாவது நிற்கும் என்று தொடங்கினார். அண்ணாச்சி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"அளந்தது நீதானம்மா. நீ சொல்லு. இந்த வருசம் போட்டா நிக்குமா?"

கேட்டால் சொல்லு என்றுதான் சார் சொல்லியிருந்தார். இப்போது கேட்டுவிட்டார்கள். ஆனாலும் சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிக்காது அண்ணாச்சி. வருசா வருசம் வடக்கதான் போகும். ஆனா போடாட்டி ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் கடலு வரும். நாம போடுதது கரை இல்ல, கடலுக்குத் தீனி. மணலத் தின்னுக்கிட்டு இருக்குத வரைக்கும் வீட்டத் தொடாது."

அப்போதுதான் மரியபுஷ்பம் அம்மா சொன்னார்: "மணலு எங்க வாசலுக்கு வருதுன்னா, மகமையும் எங்க வாசல்ல வந்து எடுங்க. நாங்களும் தாரோம்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஊர் தருகிற பாதியில் வடகரைப் பங்கும் சேர்ந்துவிட்டது, முடிந்தது வேலை என்று சாரிடம் திரும்பினேன். சாரின் முகம் மாறவில்லை. கொட்டகையின் முகம் மாறியிருந்தது.

"மகமைய வாங்கிட்டா, அப்புறம் ஏலத்துக்கும் வருவியளோ?" என்றது ஒரு குரல்.

"மகமை குடுத்தா வரத்தானே செய்யணும்? அதுதானே மொற?" என்றார் மரியபுஷ்பம் அம்மா.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வரும்போது ஜீப்பில் சார் சொன்னார். தென்கரையில் மகமை கட்டுகிறவனுக்குத்தான் ஏலத்தில் முறை உண்டு. வடகரைக்காரர்கள் பிடித்தது எதுவானாலும் எல்லோரும் விற்று முடித்த பிறகு, தென்கரை ஆள் ஒருவர் மூலமாக, வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டும். தூணுக்கு உள்ளே அவர்கள் வருவதில்லை. பிந்தி வந்ததால் அல்ல. மகமை என்பது எனக்கு ஒரு தொகை. அங்கே அது ஒரு இடம். அந்த இடத்தைத்தான் அந்த அம்மா கேட்டிருந்தார். தென்கரை முடியாது என்று சொல்லிவிட்டது. வடகரை மகமையை வாங்குவதில்லை. வடக்கே போகிற மணலுக்குத் தங்கள் மகமையையும் கொடுப்பதில்லை.

கோவில்பட்டியில் தங்கவேல் அண்ணாச்சி கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எங்க சங்கத்துலயும் அப்படித்தான. மகமை கட்டாதவனுக்கு நாற்காலி ஏது? இத நான்லா மொதல்லயே கேட்டிருக்கணும்." பிறகு, "பேசினது பேசினதுதான் சார். அவிய பாதி இல்லாம எங்க பாதி வராது" என்றார்.

கூட்டத்தன்று வீட்டுக்கு வந்தபோது மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

அந்த வருஷம் லாரி வரவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நான் போய் அளந்தேன். அளக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கோவில்பட்டியில் பஸ் ஏறி, ஓட்டப்பிடாரத்தில் மாறி, கரிசல் காட்டு வெக்கையைக் கடந்து, உப்புக் காற்றில் இறங்கி, டேப்பின் ஒரு நுனியைத் தூணில் வைத்து மறு நுனியோடு நடப்பேன். ஒவ்வொரு தடவையும் நடக்கிற தூரம் குறைந்துகொண்டே வந்தது. எதற்காகப் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு, ஒரு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதைப் பார்க்கவா? அன்றைக்குப் பாதி நிற்கும் என்று நானும் சொல்லியிருந்தால் மணல் வந்திருக்குமே. பஸ்ஸில் இதையே நினைத்துக்கொண்டு வருவேன். இறங்க வேண்டிய இடம் வந்ததுகூடத் தெரியாது.

ஆடியில் ஐஸ் அறைக்கு முன்னால் டேப் பிடிக்கத் தரையே இல்லை. சேவியர் அண்ணாச்சி வீட்டு முன் சுவர் விழுந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏலக் கொட்டகையின் தளம் அடியில் மண் போய் நடுவில் பிளந்தது. படகு ஏற்றவும் கூடை இறக்கவும் இடம் இல்லாமல் போனது. அகலமாக மணல் கிடந்த ஒரே இடம் வடகரை. முதல் வருஷம் நாங்கள் கொட்டிய மணல்.

தென்கரை ஏலம் வடகரைக்குப் போனது. நான் போன அன்று கூடைகளெல்லாம் கருவாட்டுப் பாய்களுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. மரியபுஷ்பம் அம்மா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க. எங்க மணல்ல கூடை எறக்கணும்னா மகமை கட்டணும், தெரியும்லா?"

சேவியர் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "சரிட்டி, சரி. எவ்வளவுன்னு சொல்லு" என்றார்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "துட்டு வேண்டாம். எங்க கூடையும் ஒங்க கூடைக்கு நடுவுல இருக்கட்டும்" என்றார்.

உடனே நடந்துவிடவில்லை. சில நாள் சண்டை, சில நாள் பேச்சில்லை, ஒரு நாள் மீனே விற்காமல் வீணாகப் போனது. கடைசியில் கூடைகள் கலந்தன. வாடை பிறந்து தென்கரையில் கொஞ்சம் மணல் திரும்பி, கொட்டகைத் தளத்தைச் சரிசெய்த பிறகு ஏலம் தெற்கே வந்தது. வடகரைக்காரர்களும் கூடவே வந்து தூணுக்கு உள்ளே நின்றார்கள். கச்சானில் வடக்கே, வாடையில் தெற்கே. ஏலமும் மணல் போகிற பக்கம் போய்வரும் என்று அவர்களாகவே பேசிக்கொண்டார்கள். என் திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் இது இல்லை. மாசியில் இரண்டு கரையின் மகமையும் சேர்ந்து வந்தது. தங்கவேல் அண்ணாச்சி பேசியபடி மறுபாதி கொடுத்தார். பங்குனியில் லாரிகள் மறுபடியும் ஓடின. அந்த ஆடியில் மணல் மறுபடியும் வடக்கே போனது.

வேலையை விடுவதற்கு முந்திய வாரம், கடைசியாக ஒரு தடவை போனேன். வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. மகளையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் மணலில் உட்கார்ந்து அடும்புப் பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். சேவியர் அண்ணாச்சி புதிய முன் சுவருக்குப் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் மனதில் கிடந்ததை அவரிடமே கேட்டுவிட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கூட்டத்துல நிக்கும்னு சொல்லியிருந்தா துட்டு குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்போம்" என்றார். யோசிக்கவே இல்லை. "துட்டு குடுத்திருப்போம், மணலு வந்திருக்கும், இந்தச் செவரும் விழுந்திருக்காது." கரண்டியால் சாந்தை அப்பி இழுத்தார்.

இன்னொரு கரண்டி சாந்தை எடுத்து, வடக்குப் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "அந்தப் புஷ்பம் மட்டும் இன்னும் தூணுக்கு வெளியதான் நின்னுக்கிட்டு இருந்திருப்பா."

சுவரில் அடுத்த வரியைப் பூசினார். பிறகு திரும்பி, நான் வேலையை விடுவது தெரியாமல், "பங்குனிக்கு லாரி வந்துரும்லா?" என்று கேட்டார்.

வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிரியா, இந்த வருஷ மாசியும் பிறக்கப்போகிறது. கயத்தாற்று டிப்பர்காரருக்கு இன்றைக்கே போன் செய்துவிடு.